காபிப் பழம் கழுவிய நீருக்கு மின்திரட்டல் யூனிட்: முதன்முறையாக அமைப்பவர்களுக்கு

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகே, பக்கத்துத் தோட்டக்காரர்கள் நால்வருடன் சேர்ந்து ஒரு பல்ப்பர் யூனிட் (காபிப் பழத்தைத் தோலுரிக்கும் கூடம்) நடத்துகிறேன். பழத்தைத் தோலுரித்துக் கழுவிய நீரைச் சுத்திகரிக்க மின்திரட்டல் முறையைத் தேர்ந்தெடுத்தோம். அது ஒழுங்காக ஓடத் தொடங்குவதற்குள் இரண்டு அறுவடைக் காலங்கள் கடந்துவிட்டன. முதல் ஆண்டு, எங்கள் நீருக்குப் பொருந்தாத இயந்திரத்துக்குப் பணம் கட்டினோம். இரண்டாம் ஆண்டு, சரியான இயந்திரம் கையில் இருந்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமிருந்து இயக்குவதற்கான ஒப்புதல் வராததால் அதைத் தொட முடியவில்லை. எங்கள் ஓடை மருதாநதியில் சேர்கிறது. அந்த நீரை நம்பிக் கீழே ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. அவர்களுக்கும் கேடு வராமல், உங்களுக்கும் இரண்டு ஆண்டுகள் வீணாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நாளொன்றுக்கு ஒன்று முதல் ஐந்து டன் வரை பழம் உரிக்கும் சிறிய யூனிட்டுகளை மனத்தில் வைத்தே கணக்குகளைத் தந்திருக்கிறேன்.

விற்பனையாளர்கள் ‘எலக்ட்ரோ கோயாகுலேஷன்’ அல்லது ‘ஈ.சி.’ என்று சொல்வதைத்தான் இங்கே மின்திரட்டல் என்கிறேன். அலுமினியத் தகடுகளையோ இரும்புத் தகடுகளையோ கழிவுநீரில் வரிசையாக அமிழ்த்தி நேர்மின்சாரம் செலுத்தினால், நேர்மின்வாயிலிருந்து உலோகம் கரைந்து ஹைட்ராக்சைடாக மாறுகிறது. அது நீரில் மிதக்கும் நுண்துகள்களையும் பசையையும் நிறத்தையும் பற்றித் திரட்டுகிறது. எதிர்மின்வாயில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அந்தத் திரளில் ஒரு பகுதியை மேலே தூக்கிவருகின்றன. மீதி அடியில் படிகிறது. படிகாரம் வாங்கிக் கலப்பதற்குப் பதிலாக, அதன் வேலையைச் செய்யும் பொருளைத் தொட்டிக்குள்ளேயே உண்டாக்குகிறோம் என்று புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும்.

1. வேலையை முந்தைய அறுவடையிலேயே தொடங்குங்கள்

மற்ற ஆலைகளுக்கு ஆண்டு முழுவதும் கழிவுநீர் கிடைக்கும். நமக்கு அராபிகா அறுவடை நடக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் கிடைக்கும்; ரோபஸ்டாவும் இருந்தால் இன்னும் இரண்டு மாதம் நீளும். அந்த நாட்களில் மாதிரி எடுக்கத் தவறினால் அடுத்த மாதிரிக்கு அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். நாங்கள் இழந்த முதல் ஆண்டுக்கு இதுவே காரணம்: மே மாதத்தில் யோசனை வந்தது, கையில் நீர் இல்லை, யாரோ ஒருவருடைய கழிவுநீர் அறிக்கையை வைத்து இயந்திரம் வாங்கினோம்.

ஆகவே, அடுத்த நவம்பரில் யூனிட் ஓட வேண்டுமானால் இந்த டிசம்பரிலோ ஜனவரியிலோ நீர் மாதிரி எடுப்பதும், சிறு அளவில் செய்து பார்க்கும் வாளிச் சோதனையும் (4-ஆம் பகுதி) முடிந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் ஆவணங்கள், மார்ச்சில் விண்ணப்பம், அமைப்பதற்கான ஒப்புதல் வந்தபின் கோடையில் தொட்டி வேலை, ஆகஸ்ட்டில் மின் இணைப்பு, செப்டம்பரில் வெறும் நீரில் ஓட்டிப் பார்ப்பது என்று வரிசை அமைய வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு மலையில் குழி தோண்டுவதும் கான்கிரீட் போடுவதும் எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கே தெரியும்.

2. இயந்திரத்தைப் பற்றி யோசிக்குமுன் நீரைக் குறையுங்கள்

பழைய முறையில் பல்ப்பருக்கும் கழுவு தொட்டிக்கும் தாராளமாக நீர் விட்டால், ஒரு கிலோ பழத்துக்கு 10 லிட்டரும் அதற்கு மேலும் செலவாகும். 2 டன் பழம் உரித்தால் 20,000 லிட்டர் கழிவுநீர். உரிக்கும் நீரைச் சல்லடை வழியாக வடித்து அன்று முழுவதும் சுழற்சியில் பயன்படுத்தி, கொட்டையில் ஒட்டிய பசையை நொதிக்க வைத்து அகற்றுவதற்குப் பதிலாக அதை நீக்கும் இயந்திரத்தையும் சேர்த்தால், கிலோவுக்கு ஒன்று முதல் மூன்று லிட்டருக்குள் முடித்துவிடலாம். நாங்கள் ஒன்றரை லிட்டருக்கு வந்தோம்; 20,000 லிட்டர் 3,000 லிட்டரானது.

நீர் குறைந்தால் அதன் செறிவு கூடும் என்பது உண்மை. ஒரு லிட்டருக்குத் தேவைப்படும் உலோகமும் அதனால் சற்றுக் கூடும். ஆனாலும் தொட்டியின் அளவு, மின்சாரம், சுண்ணாம்பு, நிலம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சிறிய அளவு நீரே எப்போதும் மலிவு. சுத்திகரிப்புக்கு வைத்திருக்கும் பணத்தில் முதல் பங்கை இங்கே செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

தோலை நீரோடு அடித்துச் செல்ல விடாதீர்கள். உரிந்த தோல் நீரில் ஊறினால், அதிலிருந்து இறங்கும் சர்க்கரையையும் சாயத்தையும் பிறகு காசு கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும். ஒரு சாய்வுச் சல்லடையும் ஒரு தள்ளுவண்டியும் போதும். தோல் நேராக எருக்குழிக்குப் போகட்டும்.

3. மாதிரி எடுத்தல்

குறைந்தது மூன்று மாதிரிகள் வேண்டும்: உரிக்கும் நீர் தனியாக, கழுவு நீர் தனியாக, இரண்டும் கலந்த நீர் ஒன்று. அறுவடை உச்சத்தில் இருக்கும் ஒரு நாளில், வேலை முடியும் நேரத்தில் எடுங்கள். காலையில் எடுத்தால் நீர் இளைத்துக் காட்டும்.

இந்த நீரில் சர்க்கரை நிறைந்திருப்பதால் எடுத்த மணி முதலே புளிக்கத் தொடங்கிவிடும். பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 4 அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கும். ஆகவே மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறக்கிவிடுங்கள். சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிம மாசை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்ப்பதற்கான குப்பியில் கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் முன்கூட்டியே கேட்டால் அமிலம் இட்ட குப்பியையே தருவார்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தானா என்பதை உறுதிசெய்து கொள்ளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தின்போது அந்த அறிக்கை பயன்படாது, மறுபடியும் செலவாகும்.

கேட்க வேண்டியவை: பி.எச்., மின்கடத்துத்திறன், மிதக்கும் திடப்பொருள், கரைந்த திடப்பொருள், சி.ஓ.டி., 27 டிகிரியில் மூன்று நாள் பி.ஓ.டி. (அந்த மாசை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), குளோரைடு. மின்கடத்துத்திறனைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அதுதான்.

சி.ஓ.டி. எண்ணைக் கண்டு திகைக்க வேண்டாம். லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் முதல், நீரைச் சுழற்சியில் விடும் யூனிட்டுகளில் பல பத்தாயிரம் வரை போவது காபிக் கழிவுநீருக்கு இயல்பு.

4. வாளிச் சோதனை: இதைத் தவிர்க்கவே கூடாது

30 வோல்ட், 10 ஆம்பியர் வரை தரும் சிறிய நேர்மின்சாரக் கருவி ஒன்று, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அலுமினியத் தகடுகள் இரண்டு, பி.எச். மானி, சுண்ணாம்பு, ஐந்தாறு கண்ணாடிக் குடுவைகள் இருந்தால் போதும். எல்லாம் சேர்த்து எங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. முதல் ஆண்டே இதைச் செய்திருந்தால் லட்சக்கணக்கில் மிச்சமாகியிருக்கும்.

நீரைச் சல்லடையில் வடித்து ஆறு மணி நேரம் அசையாமல் வையுங்கள். புளிக்கப் புளிக்கப் பசை மேலே ஆடையாகத் திரளும், அதை அகற்றிவிடுங்கள். பிறகு சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பி.எச். அளவை 5.5 முதல் 6 வரை கொண்டுவாருங்கள். மின்சாரம் ஓடும்போது பி.எச். தானாகவே மேலேறும் என்பதால் 7 வரை கொண்டுபோக வேண்டியதில்லை. 8-ஐத் தாண்டினால் இரண்டு கேடுகள் உண்டு: திரளவேண்டிய அலுமினியம் மறுபடியும் கரையத் தொடங்கும், காபியில் உள்ள துவர்ப்புப் பொருள்களால் நீர் கரும்பச்சையாக மாறும்.

இப்போது இரண்டு லிட்டர் நீரில் தகடுகளை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி 2 ஆம்பியர் செலுத்துங்கள். ஒரு ஆம்பியர்-மணிக்கு (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடுவது) 0.3355 கிராம் அலுமினியம் கரையும் என்பது மாறாத கணக்கு. ஆகவே 20 நிமிடத்தில் லிட்டருக்கு 112 மில்லிகிராம், 40 நிமிடத்தில் 224, 60 நிமிடத்தில் 335 மில்லிகிராம் கரைந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குடுவை எடுத்து அரை மணி நேரம் படிய விட்டு வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தக் குடுவைக்குப் பிறகு தெளிவு கூடவில்லையோ அந்த அளவுதான் உங்கள் நீருக்கான அளவு. அந்தக் குடுவையையும், சுண்ணாம்பு மட்டும் இட்டுப் படியவைத்த இன்னொரு குடுவையையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவதை அனுப்பாவிட்டால், சுண்ணாம்பு செய்த வேலையையும் மின்சாரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இரும்புத் தகடு மலிவு என்பதால் பலர் அதைப் பரிந்துரைப்பார்கள். சோதித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து மை காய்ச்சும் முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புதான். காபிக் கழிவுநீரிலும் துவர்ப்பு உண்டு, இரும்புத் தகடு இரும்பைத் தருகிறது. எங்கள் வாளியில் பத்தே நிமிடத்தில் நீர் மைபோல ஆனது. போதிய அளவு இரும்பு கரைந்து முழுவதும் படிந்தால் நிறம் இறங்கலாம். படியாமல் தப்பும் கொஞ்சம் நீர் ஓடைக்குப் போனால் ஊரே வந்து நிற்கும்.

5. இதனால் ஆவதும் ஆகாததும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். மின்திரட்டல், கரையாமல் மிதப்பவற்றையும் கூழ்மமாக இருப்பவற்றையும் நன்றாக எடுக்கும்: பசை, நுண்ணிய தோல் துகள், நிறத்தில் பெரும்பகுதி. முழுமையாகக் கரைந்துவிட்ட சர்க்கரையையும், அது புளித்து உண்டான அசெட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம் போன்றவற்றையும் அதனால் பிடிக்க முடியாது. சி.ஓ.டி.யில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

எங்களுக்கு இயந்திரம் விற்க வந்தவர் ஒரு கண்ணாடிக் குடுவையில் காபிக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் காட்டினார். சுனைநீர் போலத் தெளிந்திருந்தது. ஐவரும் அங்கேயே முன்பணம் கொடுத்தோம். பிறகு அதே நீரை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது சி.ஓ.டி. பாதிகூட இறங்கியிருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் தெளிவை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆகவே மின்திரட்டலுக்குப் பின்னால் ஒரு உயிரியல் கட்டம் (கரைந்த மாசை நுண்ணுயிர்கள் தின்னும் கட்டம்) கட்டாயம் வேண்டும். காற்றில்லாத் தொட்டி ஒன்றும், அதற்குப் பின் சம்போ வெட்டிவேரோ நட்ட சரளைப் படுகை ஒன்றும் சிறிய யூனிட்டுகளுக்குப் பொருத்தம். அப்படியானால் மின்திரட்டல் எதற்கு என்று கேட்கலாம். உயிரியல் தொட்டி சூடுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். நம் அறுவடையோ மூன்றே மாதம். மின்திரட்டல் சுவிட்சைப் போட்ட முதல் நாளே வேலை செய்கிறது. காற்றில்லாத் தொட்டியை அடைக்கும் பசையையும், அதன் நுண்ணுயிர்களைத் தளர்த்தும் துவர்ப்பையும் முன்னாலேயே எடுத்துவிடுகிறது. இந்த இரண்டு நன்மைகளுக்காகத்தான் நான் இதை வைத்திருக்கிறேன். இதை மட்டும் வைத்து ஓடையில் விடும் தரத்துக்கு நீரைக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

பூச்சு பூசிய டைட்டானியத் தகடுகளால் கரைந்த பொருள்களையும் எரித்துவிடலாம் என்று இன்னொரு வகை விற்கிறார்கள். அது மின்திரட்டல் அல்ல, மின் ஆக்சிஜனேற்றம். உப்புச் சேர்த்து ஓட்டினால் குளோரின் உண்டாகும். கரிமப் பொருள் நிறைந்த இந்த நீரில் அது குளோரின் சேர்ந்த நச்சுப் பொருள்களையும் உண்டாக்கக்கூடும். முதன்முறையாக அமைப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

6. ஆம்பியர்-மணிக் கணக்கு

வாளிச் சோதனையில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் தேவை என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு 300 கிராம். அதை 0.3355-ஆல் வகுத்தால் 894 ஆம்பியர்-மணி. 12 வோல்ட்டில் ஓட்டினால் 10.7 யூனிட், ரெக்டிஃபயரில் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் கருவி) ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 12 முதல் 13 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய், அலுமினியம் கிலோ 350 ரூபாய் என்று வைத்தால், ஆயிரம் லிட்டருக்கு மின்சாரமும் தகடும் சேர்ந்து ஏறக்குறைய 200 ரூபாய். நாளுக்கு 3,000 லிட்டர் என்றால் 600 ரூபாய். நீரைக் குறைக்காமல் 20,000 லிட்டராகவே விட்டிருந்தால் 4,000 ரூபாய். இரண்டாம் பகுதியை ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்பது இப்போது விளங்கும். நடைமுறையில் அலுமினியம் இந்தக் கணக்கைவிடச் சற்று அதிகமாகவே கரையும், ஏனெனில் எதிர்மின்வாயிலும் வேதிவினையால் அரிப்பு நடக்கிறது.

3,000 லிட்டருக்கு 2,682 ஆம்பியர்-மணி. பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் 224 ஆம்பியர். ஒரு சதுர மீட்டருக்கு 100 ஆம்பியர் என்ற அடர்த்தியில் 2.24 சதுர மீட்டர் நேர்மின்வாய்ப் பரப்பு வேண்டும். 50-க்கு 40 சென்டிமீட்டர் தகட்டின் இரு முகங்களும் சேர்ந்து 0.4 சதுர மீட்டர். ஆக ஆறு நேர்மின்வாய்த் தகடுகளும் அவற்றுக்கு இருபுறமும் நிற்க ஏழு எதிர்மின்வாய்த் தகடுகளும்.

தகடுகளின் இடைவெளியை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும், பசை அடைக்கும். இரண்டுக்குப் போனால் அடைப்பு குறையும், மின்கட்டணம் ஏறும். ஒன்றரையில் நிற்பதே எங்கள் நீருக்குச் சரியாக இருந்தது.

மின்கடத்துத்திறன் குறைவாக இருந்தால் உப்புப் போடச் சொல்வார்கள். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போட்டால் குளோரைடு மட்டும் 600 மில்லிகிராம் கூடிவிடும். பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் குளோரைடுக்கு வழக்கமாக விதிக்கப்படும் வரம்பே அவ்வளவுதான். அந்த நீரைப் பாய்ச்சினால் காபிச் செடியின் இலை விளிம்பு கருகும். கூடுதல் வோல்ட் கொடுங்கள், உப்பைத் தவிருங்கள்.

7. விலைப்புள்ளி கேட்கும்போது

நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். நாளொன்றுக்கு எத்தனை ஆம்பியர்-மணி தரும்? நேர்மின்வாயின் மொத்தப் பரப்பு எவ்வளவு? மின்னோட்டத் திசையைத் தானாக மாற்றும் வசதி உண்டா? தகடுகளைச் சந்தையில் கிடைக்கும் சாதாரண அளவில் நானே வாங்கிப் பொருத்த முடியுமா?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. தகடு தேய்ந்துகொண்டே இருக்கும் பொருள். தனி வடிவத்தில் வெட்டியதாக இருந்தால் ஆண்டுதோறும் அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டும். திசை மாற்றும் வசதி இல்லாவிட்டால் தகட்டின் மேல் ஆக்சைடு படலம் படிந்து, மின்சாரம் செலவாகும், உலோகம் கரையாது. எங்கள் முதல் இயந்திரம் அப்படித்தான் நின்றது. அந்த வசதியோடு வாங்கும்போது இரு வரிசையும் மாறி மாறி நேர்மின்வாயாகும் என்பதால், எல்லாத் தகடுகளும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும்.

எங்கள் 250 ஆம்பியர், 0 முதல் 24 வோல்ட் ரெக்டிஃபயருக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. மின்திரட்டல் தொட்டியும் தகடுகளும் உள்ளூர்ப் பட்டறையில் அறுபதாயிரம். பெருஞ்செலவு மற்றத் தொட்டிகளில்தான்: சேமிப்பு, படிவு, காற்றில்லாத் தொட்டி, கசடு உலர்த்தும் படுகை எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்தைத் தாண்டியது. மலைக்கு மணலும் ஜல்லியும் ஏற்றும் கூலியைச் சமவெளி விலையில் கணக்குப் போடாதீர்கள். காபி வாரியத்தில் மானியம் கேட்கும் எண்ணம் இருந்தால், பொருள் வாங்குவதற்கு முன்பே அவர்களுடைய உள்ளூர் அலுவலரைப் பார்த்துவிடுங்கள்.

8. ஆவணங்களும் ஒப்புதலும்

1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு ஒப்புதல்கள் தேவை. கட்டத் தொடங்குமுன் அமைப்பதற்கான ஒப்புதல். ஓட்டத் தொடங்குமுன் இயக்குவதற்கான ஒப்புதல். முதலாவது கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணியதால்தான் எங்கள் இரண்டாம் ஆண்டு போனது. விண்ணப்பம் இணையத்தில், சரிபார்ப்பும் நேர் ஆய்வும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் வழியாக.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், நிலம் குத்தகை என்றால் பதிவு செய்த குத்தகைப் பத்திரம், ஓடை, கிணறு, வீடுகள் எவ்வளவு தொலைவில் என்று காட்டும் சுற்றுப்புற வரைபடம், யூனிட்டின் தள வரைபடம், பழம் வருவது முதல் பார்ச்மென்ட் (தோலும் பசையும் நீங்கி உள்ளோட்டோடு இருக்கும் கொட்டை) காய்வது வரையான செயல்முறை விளக்கம், எங்கிருந்து எவ்வளவு நீர் வந்து எங்கே போகிறது என்ற நீர்க்கணக்கு, சுத்திகரிப்பு வடிவமைப்பு, ஆய்வக அறிக்கைகள், நிலையான சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று, கூட்டாக நடத்தினால் கூட்டு ஒப்பந்தம்.

கட்டணம், மாசின் அளவை வைத்து வாரியம் பிரிக்கும் வண்ண வகைகளில் தொழில் எதில் வருகிறது என்பதையும் சொத்து மதிப்பையும் பொறுத்தது. உங்கள் யூனிட் எந்த வகை என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொத்து மதிப்பில் எந்த நிலப்பரப்பைக் காட்டுவது என்பதையும் ஆடிட்டரிடம் பேசுங்கள். தோட்டம் முழுவதும் கணக்கில் ஏறிவிட்டால் கட்டணமும் ஏறிவிடும்.

எங்கள் விண்ணப்பம் திரும்பியதற்கு ஒரே காரணம், நீர்க்கணக்கில் உள்ளே வரும் அளவும் வெளியே போகும் அளவும் பொருந்தவில்லை. பார்ச்மென்ட்டிலும் தோலிலும் தங்கும் ஈரத்தையும் கசட்டோடு போகும் நீரையும் எழுத மறந்திருந்தோம். முழுமையான விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கச் சட்டம் நான்கு மாதம் வரை இடம் தருகிறது. திரும்பி வந்தால் அந்த நாள்களை மறுபடியும் எண்ண வேண்டியதுதான்.

வரம்புகளைப் பொறுத்தவரை, பொது அளவுகோலின்படி பாசனத்துக்கு நிலத்தில் விடும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 100 மில்லிகிராமும், ஓடை அல்லது ஆற்றில் விடும் நீரில் பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250 மில்லிகிராமும் மேல்வரம்பு. ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் ஒப்புதல் ஆணையில் அச்சாகியிருக்கும் எண்ணும் நீர் போய்ச்சேரும் இடமும்தான். ஓடையில் விடுவதாக விண்ணப்பிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. சொந்த நிலத்திலேயே பாய்ச்சுவதாகத் திட்டமிடுங்கள்.

மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இருந்தால் கட்டுமானத்துக்குத் தனி அனுமதி வேண்டும். மண் அள்ளும் இயந்திரத்தை மலைக்கு ஏற்றுவதற்கும் முன் அனுமதி கேட்டுப் பெறுங்கள்.

9. மின் இணைப்பும் பாதுகாப்பும்

விவசாயத்துக்குத் தரப்பட்ட இலவச இணைப்பிலிருந்து ரெக்டிஃபயரை ஓட்டக் கூடாது. அது விதிமீறல், பிடிபட்டால் அபராதத்தோடு, பம்புசெட் இணைப்புக்கும் ஆபத்து. மும்முனைத் தனி இணைப்புக்கு மின்வாரியத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். கம்பம் நட வேண்டியிருந்தால் மாதங்கள் ஆகும்.

வோல்ட் குறைவு என்பதால் ஆபத்து இல்லை என்று பணியாளர்கள் நினைப்பார்கள். 224 ஆம்பியர் ஓடும் இரு முனைகளுக்கிடையே ஒரு ஸ்பானர் விழுந்தால் உருகித் தெறிக்கும். முனைகளை மூடி வையுங்கள்; ரெக்டிஃபயருக்கு வரும் மின்சாரத்தில் கசிவுத் துண்டிப்பான் பொருத்துங்கள்.

ஹைட்ரஜனை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு ஆம்பியர்-மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன் எழும். 3,000 லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் ஒரு நாளில் 1,200 லிட்டருக்கும் மேல். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். ஆகவே தொட்டியை மூடிய அறையில் வைக்காதீர்கள். மழைக்குக் கூரை வேண்டும், நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும், கூரையின் உச்சியிலும் திறப்பு வேண்டும். பீடிக்கும் வெல்டிங்குக்கும் அங்கே இடமில்லை என்று பலகை எழுதி மாட்டுங்கள். கூரை, மழைநீர் தொட்டியில் விழுந்து கணக்கைக் கெடுப்பதையும் தடுக்கும்.

10. அன்றாடம் ஓட்டுதல்

மாலையில் உரித்து முடித்த நீரைச் சேமிப்புத் தொட்டியில் இரவு முழுவதும் விடுங்கள். காலையில் ஆடையை அகற்றி, சுண்ணாம்பு சேர்த்து, பி.எச். பார்த்துக் குறித்துக்கொண்டு மின்திரட்டலுக்கு அனுப்புங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மின்னோட்டத் திசை மாற வேண்டும். ஒரே ஆம்பியருக்கு நாளுக்கு நாள் வோல்ட் ஏறிக்கொண்டே போனால் தகட்டில் படலம் பிடிக்கிறது என்று பொருள். வாரம் ஒரு முறை தகடுகளை எடுத்துத் தேய்த்து, தேவைப்பட்டால் மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் கழுவுங்கள். அமிலத்தில் அலுமினியம் இட்டாலும் ஹைட்ரஜன் வரும்; திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள்.

காற்றில்லாத் தொட்டியை அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே சாணக் கரைசலால் தொடங்கி வைத்து, தோலூறிய நீரைக் கொஞ்சமாக ஊட்டிப் பழக்குங்கள். நவம்பர் முதல் நாளில் முழுச் சுமையையும் ஏற்றினால் புளித்துப் படுத்துவிடும்.

பருவமழையில் மின்தடை நிச்சயம் வரும். சேமிப்புத் தொட்டி ஒன்றரை நாள் நீரைத் தாங்கும் அளவாக இருக்கட்டும். மின்சாரம் இல்லாத நாளில் சுத்திகரிக்காத நீரை ஓடையில் திறந்துவிடலாமா என்ற எண்ணம் பணியாளருக்கு வராதபடி, அந்த வழியில் குழாயே வைக்காதீர்கள்.

11. கசடு

மேலே மிதப்பதை முதலில் வழித்தெடுத்து, அடியில் படிந்ததைப் பிறகு இறக்குங்கள். 300 கிராம் அலுமினியம் ஏறக்குறைய 870 கிராம் ஹைட்ராக்சைடாகிறது. அதோடு நீரிலிருந்து பிடித்த பசையும் சேரும். ஈரத்தோடு பார்த்தால் நீரின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வரை வரலாம். மணல் படுகை, கூரையோடு. மழைக்காலத்தில் கூரையில்லாப் படுகை உலரவே உலராது.

உலர்ந்த கசட்டைச் செடிக்கு எருவாகப் போடும் ஆசை வரும். காபித் தோட்டத்து மண் அமிலத்தன்மை கொண்டது. அத்தகைய மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். ஆய்வக அறிக்கை கையில் வரும் வரை மூட்டையில் கட்டித் தனியாக வையுங்கள். எங்கே கொட்டுவது என்பதை ஒப்புதல் ஆணையின்படி செய்யுங்கள்.

12. அறுவடை முடிந்ததும்

கடைசி நீரை அனுப்பிய மறுநாளே தொட்டியைக் கழுவி, தகடுகளைக் கழற்றி, சுரண்டி, உலர்த்தி வையுங்கள். ஈரத்தோடு எட்டு மாதம் நின்றால் பொத்தல் விழும். பொருத்தும் முன் எடுத்த எடை உங்களிடம் இருக்குமானால், இப்போது மறுபடியும் எடை போடுங்கள். அந்தப் பருவம் முழுவதும் ஓடிய ஆம்பியர்-மணியை 0.3355-ஆல் பெருக்கி, குறைந்த எடையோடு ஒப்பிடுங்கள். எடை குறைவு கணக்கைவிடச் சற்று அதிகமாக இருந்தால் எல்லாம் முறையாக நடந்திருக்கிறது. மிகக் குறைவாக இருந்தால் தகட்டில் படலம் பிடித்து மின்சாரம் வீணாகியிருக்கிறது. திசை மாற்றும் ரிலேயைப் பழுது பார்க்க மின் பணியாளரைப் பிப்ரவரியிலேயே அழையுங்கள். அதே வாரத்தில், பாதிக்கு மேல் தேய்ந்த தகடுகளுக்கு மாற்றுத் தகடு வாங்கிவிடுங்கள்.